பன்னிரண்டு நிமிட அண்ணன்

"ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பேசுறேன். நீ பன்னெண்டு நிமிஷம் வீடியோ குடுக்குற. மிச்சத்த எல்லாம் வறுத்துத் தின்னுட்டியா?"

எடிட்டர் பெண் தலை நிமிரவில்லை. "வேண்டாததத்தான் எடுத்தேன், அண்ணா."

"என் பேச்சுல எது வேணும், எது வேண்டாம்னு சொல்ல நீ யாரு? நாளையிலேர்ந்து வராத."

ஐந்து வருடமாக அவனிடம் வேலை பார்த்தவள். ஒரு ஹார்ட் டிஸ்க்கை மேஜையில் வைத்தாள். "வெட்டினது எல்லாம் இதுல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தொலைந்தது சனியன் என்று நினைத்துக்கொண்டான்.

படுக்கையறையில் உட்கார்ந்து யூடியூபில் செல்போன்களின் நிறைகுறை பேச ஆரம்பித்தவன், இன்று முப்பது லட்சம் பேருக்கு 'அண்ணன்'. தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்கள் அவன் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பிடித்திருந்தால் பணம் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்வான். அண்ணன் கை வைத்த கம்பெனி என்றால் சரக்கு பறக்கும்.

புது எடிட்டரிடம் கறாராகச் சொன்னான். "ஒரு வார்த்தை வெட்டக் கூடாது."

அந்த வாரம் வந்தவள் சட்டை தைக்கிற பெண். பட்டனுக்குப் பதில் காந்தம். கை நடுக்கம் உள்ளவர்கள் யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம். முதல் சட்டையைத் தன் அப்பாவுக்காகத் தைத்தாளாம். அவனுக்குப் பிடித்துப்போனது. கேட்ட பணத்தைத் தர அங்கேயே ஒப்புக்கொண்டான். வீடியோ முழுசாக வெளியானது.

மறுநாள் அவள் போன் செய்தாள். "உங்க பணம் வேண்டாம், சார்."

"ஏம்மா, கேட்டதுல எதையும் குறைக்கலையே?"

"அப்பா வீடியோ பார்த்தார். அவர் கை நடுங்குறத நீங்க செஞ்சு காட்டிச் சிரிச்சீங்கல்ல? நேத்துலேர்ந்து கையப் போர்வைக்குள்ளயே வச்சிருக்கார்."

"அது சும்மா தமாஷுக்கும்மா. நீயும்தான சிரிச்ச?"

"சிரிச்சேன். பணம் வேணுமே, சார். எப்படியும் வீடியோவுல வராதுன்னு நெனச்சேன். அந்த மாதிரி எதுவும் உங்க வீடியோவுல வந்ததே இல்லையே."

போனை வைத்துவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தான். விரல்களை உதறி உதறி, பல்லை இளித்துக்கொண்டு ஒருவன் ஆடிக் காட்டினான். தன் மூஞ்சிதான். பார்க்கவே கூசியது.

ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வந்தது. எடுத்துச் செருகினான். திக்கிப் பேசிய ஒருவரைப் போலவே திக்கிக் காட்டுகிறான். கசங்கிய புடவையோடு வந்த ஒரு அம்மாவை, "இஸ்திரிப் பெட்டி வாங்கத்தான் பணமா?" என்று கேட்கிறான். ஐந்து வருடத்து வெட்டல்கள், நூற்றுக்கணக்கில். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தன. அதற்கு அவள் வைத்திருந்த பெயரை அப்போதுதான் கவனித்தான்.

'இது எங்க அண்ணன் இல்ல.'