முன்வரிசைக் குரல்

“எட்டரை இல்ல. எட்டே முக்காலு.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள்தான் சொன்னாள். மைக்கின் முன்னால் நின்ற அவள் கணவர் தெய்வசிகாமணி, “ஆங், எட்டே முக்கால்” என்று திருத்திக்கொண்டு மேலே பேசினார். வீடியோ கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற தேவதர்ஷினி கண்ணை இறுக மூடித் திறந்தாள். பேச்சு ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் குறுக்கிட்டுத் திருத்துவது இது நாலாவது தடவை.

கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடக்கும் அந்தச் சின்ன வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அவள்தான் காப்பாட்சியர். சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவுக்கு, உயிர் தப்பிய ஒருவரைப் பேச வைத்து, அதைப் பதிவு செய்து சென்னைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. கடலே இல்லாத மாவட்டத்தில் அப்படி ஓர் ஆளை எங்கே போய்த் தேடுவது என்று அவள் நொந்துபோயிருந்தபோது, வெள்ளிமலைக் குடும்பம் ஒன்று கடலூர்ப் பக்கம் கருவாட்டுக் கொட்டகை வேலைக்குப் போன இடத்தில் அலையில் சிக்கியதாகவும், ஐந்து வயது மகளைப் பறிகொடுத்ததாகவும் யாரோ சொன்னார்கள். நம்பரை வாங்கி போன் போட்டாள். தெய்வசிகாமணி எடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வர்றோம் மேடம்” என்று மட்டும் சொன்னார். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு பேனர் அடித்தாயிற்று.

காலையில் முதல் பஸ் பிடித்து இருவரும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மனைவி தன் கண்ணுக்கு எதிரே உட்கார வேண்டும். சரி, கூச்சப்படுகிறார் என்று நினைத்து தேவதர்ஷினி முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொடுத்தாள். எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிந்தது.

அலை ரெண்டு என்றார் அவர். மூன்று என்றாள் அவள். முதலில் கடல் பொங்கியது என்றார். இல்லை, முதலில் உள்வாங்கியது, மீனெல்லாம் மணலில் துள்ளியது என்றாள். பேச்சைக் கேட்க வந்திருந்த கல்லூரி மாணவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கூடுதலாக ஒரு வார்த்தை பேசினாள். குரலும் ஏறிக்கொண்டே போனது. புருஷன் சொல்லிச் சொல்லி இவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும், அதற்காக அவரைப் பேசவே விடமாட்டாளா என்று தேவதர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை எப்படி சென்னைக்கு அனுப்புவது? வெட்டி ஒட்டினாலும் ஐந்து நிமிடம் தேறாது.

அந்த மனுஷரும் லேசுப்பட்டவர் இல்லை. ‘நான் பார்த்தேன், நான் ஓடினேன்’ என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. தண்ணீர் வந்தது, கொட்டகை சாய்ந்தது என்று செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று இரண்டு முறை துண்டுச் சீட்டு எழுதி நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“புள்ளைக்குப் பச்சைப் பாவாடை” என்றார் அவர்.

“மஞ்சா. மஞ்சாப் பாவாடை. மொத நாளு சந்தையில வாங்கினது.”

“இடது கையைப் புடிச்சிக்கினு ஓடி...”

“இடது கை இல்லய்யா. சோத்துக் கையி.” பச்சையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

பின்வரிசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். தேவதர்ஷினிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் அவள் தோளைத் தொட்டாள். “அம்மா, நீங்க வெளியில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. ஐயா பேசட்டும்.”

பச்சையம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் மைக்கை விட்டு ஓரடி நகர்ந்து, அவள் இருக்கட்டும் மேடம் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டார். ஐந்தே நிமிடம்தான், நீங்கள் நிம்மதியாகச் சொல்லி முடியுங்கள் என்று தேவதர்ஷினி அவரை மறுபடி மைக் பக்கம் திருப்பினாள். பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடிக்கொண்டது.

இனி ஒழுங்காக நடக்கும் என்று கேமராக்காரருக்குச் சைகை காட்டினாள் தேவதர்ஷினி.

“அப்புறம்...” என்றார் தெய்வசிகாமணி. மூடிய கதவைப் பார்த்தார். “அப்புறம் வந்து...”

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மாணவர்கள்கூட அடங்கிவிட்டார்கள். தேவதர்ஷினி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மேடையேறினாள்.

“என்னங்க ஐயா, மறந்துடுச்சா?”

அவர் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“மறக்கறதுக்கு எனக்கு இன்னா மேடம் தெரியும்? அன்னிக்கி நா மலையில மரவள்ளி புடுங்கிக்கினு இருந்தேன். கடல்கிட்ட இருந்தது அவளும் புள்ளையுந்தான்.”

தேவதர்ஷினிக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு எதற்கு இவர் மேடையேறினார், எல்லாவற்றையும் ஏன் இப்படித் தப்புத்தப்பாகச் சொன்னார் என்று திணறியபடி கேட்டாள்.

“சொல்லுன்னு கேட்டா அவளுக்கு வாயே வராது மேடம். புள்ள வெசயத்துல நா எதனா தப்பா சொன்னாதான், ஆத்திரத்துல ஒரு வார்த்த வெளிய வரும். இருவது வருசமா எனக்குத் தெரிஞ்சது எல்லாம் அப்படி அவ திருத்தித் திருத்திச் சொன்னதுதான். புடிச்ச கை எப்படி வுட்டுப்போச்சின்னு மட்டும் சொன்னதே இல்ல. இன்னிக்கி அதுகிட்ட வந்துட்டா மேடம், அதுக்குள்ள நீங்க அவள வெளிய அனுப்பிட்டீங்க.”