பேரும் அட்ரஸும்

"உழைக்கிறவனுக்கு வீடு தானா அமையும். சோம்பேறிக்கு எதுக்கு நாம இடம் கொடுக்கணும்?"

அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு சின்ன நகர மன்றம். மைக்கைப் பிடித்திருந்தாள் லொரெய்ன். சட்டையில் 'அடுக்குமாடி வேண்டாம்' என்று ஒரு பேட்ஜ். அவள் தெருக்கோடி சோளக்காட்டில் குறைந்த வாடகைக்கு அடுக்குமாடி வரப்போகிறது. அதுதான் சண்டை.

"ஊர்ல ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது, லொரெய்ன். வாடகை மட்டும் ஏறுது. வாங்குற சம்பளத்துல யாரும் இங்க குடியிருக்க முடியல" என்றார் தலைவர் ஹாகன்.

"யார் சொன்னா? என் பொண்ணு ஷெல்பியைப் பாருங்க. பதினெட்டு முடிஞ்சதும் வெளிய அனுப்பினேன். முதியோர் இல்லத்துல வேலை. தனியா வீடெடுத்து இருக்கா. இதுவரைக்கும் என்கிட்ட வந்து நின்னதில்ல!"

கைதட்டல் அடங்க நேரமானது.

"அடுத்து யாரு?"

பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தது ஷெல்பியேதான். வேலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

லொரெய்னுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தாள். "பாரு, எனக்காகப் பேச வந்திருக்கா."

"முதல்ல பேரும் அட்ரஸும் சொல்லிடும்மா. அப்புறம்தான் பேச விடுவோம்" என்றார் ஹாகன்.

"ஷெல்பி காக்ஸ்."

"அட்ரஸ்?"

ஷெல்பி அம்மாவைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள்.

"நான் பேசல, சார்."

விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

"அம்மா வாய்ல பாதிகூட இல்லையே!" என்று எவனோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

லொரெய்னுக்கு முகம் எரிந்தது. பின்னாலேயே ஓடி, கார் நிறுத்துமிடத்தில் மகளைப் பிடித்தாள்.

"ஏன்டி, அட்ரஸ் சொல்ல வாய் வரலையா? ஊரே சிரிக்குது!"

ஷெல்பி தன் கார்க் கதவைத் திறந்தாள்.

பின்சீட்டில் தலையணை, கம்பளி. ஜன்னலோரம் தொங்கிய இன்னொரு சீருடை. காபிக் கோப்பைக்குள் டூத் பிரஷ்.

லொரெய்னின் கை தானாகவே பேட்ஜை மூடிக்கொண்டது.

"இதை... உள்ளயே சொல்லியிருக்கலாமேடி?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ என்னை வெச்சு அவ்வளவு பெருமையா பேசிட்டே. எல்லாரும் கையும் தட்டிட்டாங்க. அப்புறம் எப்படிம்மா சொல்றது?"