மாமனாரின் கட்டில்

கனடாவின் ஸ்காபரோவில் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுச் சுவர் தலை எண்ணும். எத்தனை உடம்புச் சூடு தெரிகிறதோ, அத்தனை பேருக்குத்தான் மறுநாள் ஹீட்டரும் மளிகையும்.

வதனியின் மாமனார் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போய் ஒரு மாதமாகிறது. அவர் பங்கும் போய்விட்டால் இந்தப் பனிக்காலத்தைத் தாண்ட முடியாது. அதனால் தினமும் சோற்றை வடித்து, சற்று ஆறவிட்டு, பானையை அவர் கட்டிலில் வைத்துக் கம்பளியால் போர்த்திவிடுவாள்.

இன்று வேலையிலிருந்து வரப் பிந்திவிட்டது. வடித்த கையோடு பானையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள்.

"அம்மா, பசிக்குது," என்றாள் மகள் ஆரணி.

"கொஞ்சம் பொறு பிள்ளை. எண்ணி முடியட்டும்."

ஆறு மணி. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. வதனி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூன்று பேர்," என்றது சுவர். அவளுக்கு மூச்சு வந்தது.

"கட்டிலில் இருக்கும் பெரியவருக்குக் கடும் காய்ச்சல். பயப்படாதீர்கள். ஐந்து நிமிடத்தில் நர்ஸ் வந்துவிடுவார்."

ஆரணி ஓடிப்போய் இரண்டு தட்டுகளோடு வந்தாள்.

"கெதியா வாங்கோ அம்மா, சாப்பிட்டு முடிப்பம்."