மேலாளர் பேசறேன்

"மனிதவள மேலாளர் பேசறேன், சொல்லுங்க" என்றாள் கணீரென்று, படுக்கையறைக் கதவைத் தாழிட்டுவிட்டு.

மேலாளராவது மண்ணாங்கட்டியாவது! எதிரே கட்டிலில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தவன் அவளுடைய புருஷன். எட்டு மாதமாக வேலை இல்லை. புகார் பிரிவில் போன் எடுக்கிற வேலைக்கு விண்ணப்பித்தவன், இல்லாத ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் குப்பை கொட்டியதாக அளந்துவிட்டு, விசாரிக்க மனைவியின் எண்ணைக் கொடுத்திருந்தான். இதுவும் கைநழுவினால், பெட்டி படுக்கையோடு அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

"எழுதிக் குடுத்ததை மட்டும் படி. சொந்தமா எதையாவது உளறித் தொலைக்காதே" என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டான். அவனும் கேட்க வேண்டுமென்று போன் ஸ்பீக்கரில் இருந்தது.

வேலை தரும் கம்பெனியின் அதிகாரி எடுத்த எடுப்பிலேயே சீறினார். "எத்தனை தடவை கூப்பிடறது? தூங்கிட்டிருந்தீங்களா?"

"மன்னிக்கணும் சார், மீட்டிங்ல இருந்தேன். உங்களுக்கு என்ன தெரியணும்?"

"அந்த ஆளை எதுக்குத் துரத்துனீங்க? திருட்டா, சண்டையா?"

"ரெண்டும் இல்ல சார். அவராதான் போனாரு. எங்களுக்கு விட மனசே இல்ல."

"பொய்! இப்படி ஒரு கம்பெனியே கிடையாது. ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைக்கச் சொல்லிக் கையை ஆட்டினான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"உங்க கோபம் புரியுது சார். சந்தேகம் வர்றது நியாயம்தான். ஒவ்வொண்ணா கேளுங்க, நான் எங்கயும் போகல."

இருபது நிமிஷம் வறுத்தெடுத்தார். மூளை இருக்கிறதா என்றார், போலீஸுக்குப் போவேன் என்றார். எழுதிக்கொடுத்த காகிதம் இரண்டாவது கேள்வியிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் அவள் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. இந்த எட்டு மாதத்தில் வீட்டில் வாங்காத வசவா?

புருஷனுக்குத்தான் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினான்.

"யோவ், யாருய்யா நீ? போனாப் போகுதுன்னு பாத்தா ரொம்பத்தான் துள்றே! என் பொண்டாட்டிகிட்டயே மிரட்டலா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

"கத்தாதீங்க சார்" என்றார் அதிகாரி, இப்போது நிதானமாக. "அவசரத்துக்குக் கூப்பிட மனைவியோட நம்பர்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்களே, அதுவும் இதே நம்பர்தான். முதல்லயே தெரியும்."

அவன் போனை முறைத்தான். "அப்புறம் எதுக்குய்யா இவ்வளவு நேரம் கத்தினே?"

"எங்க வாடிக்கையாளருங்க இதைவிட மோசமா கத்துவாங்க. போனை மேலாளர் அம்மாகிட்ட குடுங்க."

அவள் வாங்கினாள்.

"அம்மா, திங்கக்கிழமையே வேலைக்கு வந்துடறீங்களா?"