நூற்று முப்பத்து நான்கு

பழைய எம்பி3 பிளேயர்களுக்குள் ஓடும் மென்பொருளைத் துருவிப் பார்க்கும் அந்தக் குழுவில், இந்த மாடல் தணிகாசலத்திடம் மட்டும்தான் இருந்தது. இறந்துபோன மகள் சுகிர்தாவுடையது. அவள் நிறுத்திய பாட்டு 134ஆவது நொடியிலேயே நின்றிருந்தது. நின்ற இடத்தை பிளேயர் எங்கே குறித்து வைக்கிறது என்பதுதான் குழுவுக்குப் பிடிபடவில்லை. நினைவகத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பினார். 134 என்ற எண் அதில் பல இடங்களில் இருந்தது; எது என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஒரு செகண்ட் ஓடவிட்டு நிறுத்திட்டு இன்னொரு காப்பி எடுங்க சார். மாறினது எதுன்னு தெரிஞ்சிடும்,” என்று குழுவிலிருந்த ஃபெலிக்ஸ் எழுதினான்.

மூன்று நாள் அவர் பதில் போடவில்லை. நான்காம் நாள் காலை, பல்கூட விளக்காமல், பட்டனை அழுத்தினார். உடனே நிறுத்தினார்.

புது நகலில் ஒரே ஒரு எண் மாறியிருந்தது. 134 இருந்த இடத்தில் 135. குழுவில் கைதட்டல் படங்கள் வரிசையாக வந்தன.

ஃபெலிக்ஸ் மட்டும் தனியாகக் கேட்டான். “பழைய நம்பரையே திரும்ப எழுதிடலாமா சார்?”

“எழுதிடலாம்.”

“அந்த ஒரு செகண்ட்ல என்ன கேட்டுச்சு?”

தணிகாசலம் மேசையைப் பார்த்தார். இயர்போன், செருகப்படாமல், சுகிர்தா சுருட்டி வைத்தபடியே இருந்தது.