திருநெல்வேலிக்குப் போன பாட்டில்

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லோகநாயகிக்குக் கர்ப்பப்பையை எடுத்து அன்று மூன்றாம் நாள். இன்னும் காற்றுப் பிரியவில்லை, அதனால் கஞ்சியும் கிடையாது. குடலை எழுப்புவதற்காக பிசியோதெரபிஸ்ட் ஜோதிலட்சுமி அவளுடைய முழங்காலுக்குக் கீழே, குடலைத் தூண்டும் நரம்புப் புள்ளியில் பட்டைகளை ஒட்டி, சரியாகப் பத்து மணிக்கு மெல்லிய மின்சாரம் விட்டாள். மூன்று நொடிக்கு ஒருமுறை கால் துடித்தது.

எடுத்த கர்ப்பப்பை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் இருந்தது. பரிசோதனைக்குக் கொடுக்க, கணவர் சிவசைலம் அதைக் கட்டைப்பையில் வைத்துத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறியிருந்தார். பாவூர்சத்திரம் தாண்டியதும் போன் செய்தார்.

“ஏட்டி, பாட்டிலுக்குள்ளேருந்து தட்டுது. பத்து மணிலேருந்து தட்டுது.”

ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்டது. காலும் பாட்டிலும் ஒரே நேரத்தில் துடித்தன. ஜோதிலட்சுமி மிஷினை நிறுத்தக் கை நீட்டினாள்.

“நிறுத்தாதம்மா. இன்னும் ஒரு பாயிண்ட் கூட்டு,” என்றாள் லோகநாயகி.

பத்து இருபதுக்கு மிஷின் தானாக நின்றது. காற்றுப் பிரிந்தது. கால் அசையாமல் கிடந்தது.

“இன்னும் தட்டுதுட்டி. திரும்பக் கொண்டாந்திரவா?”

“அஞ்சு வருஷமா ரத்தமாப் போகுது, எடுத்திருவோம்னு கெஞ்சுனேன். ஒருநாளும் உங்களுக்குக் கேக்கல. இது தட்டுதது மட்டும் கேக்குதாக்கும். லேப்ல கொடுத்துட்டு வாங்க. மூடியைத் திறந்திராதீங்க.”

கஞ்சி வந்தது. போனை அணைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் கேட்ட ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கரண்டியாக அவள் குடித்து முடித்தாள்.