கொஞ்சம் குறைவு

“என்ன சொன்னாங்க?”

டாக்டரின் அறைக்கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொள்வதற்குள் கணவன் எழுந்து வந்துவிட்டான். கையில் அவளுடைய ஹெல்மெட்.

“ஹார்மோன் இன்னும் கொஞ்சம் குறைவாத்தான் இருக்காம்.”

அவன் முகத்தைப் பார்த்தாள். பெண்டாட்டிக்கு உடம்பு தேறவில்லை என்று கேட்டவனின் முகம் இல்லை அது. பரீட்சையில் எப்படியோ தேறிவிட்ட பையனின் முகம்.

“அதனால என்ன, மெதுவா வரட்டும்” என்றான்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதில் வளர்ந்த கட்டியை மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். கட்டியோடு வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து போய்விட்டது.

அவள் பள்ளி வேன் ஓட்டுபவள். முன்பெல்லாம் குறுக்கே வருகிறவனை அவன் பரம்பரையோடு சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். இப்போது பிரேக் போடுகிறாள், அவ்வளவுதான். வேன் பிள்ளைகளுக்கே சப்பென்று ஆகிவிட்டது.

மாமியாருக்கு மட்டும் பரம திருப்தி. சில பேருக்குக் கத்தி பட்டால்தான் பொறுமை வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

கோபம் போனது லாபம்தான். ஆனால் இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு அவள் கட்டிக்கொண்டவன், நாளெல்லாம் ஊரார் ஃபிரிட்ஜைப் பழுதுபார்த்துவிட்டு வந்து, பின்னாலிருந்து அவள் தோளில் முகம் புதைக்கும்போது, யாரோ சுவரில் சாய்ந்த மாதிரி இருந்தது. விலகவும் தோன்றவில்லை, திரும்பவும் தோன்றவில்லை. அவள்தான் சுவர்.

போன மாதம் அவளுடைய அம்மா செத்துப்போனாள்.

கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருக்க, அவள் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று சித்தி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அவன் எழுந்து நின்றான். பெரியவர்கள் முன்னால் குரலே உயர்த்தாதவன்.

“அவளால அழ முடியாது சித்தி. அதுக்கான ஹார்மோனே இப்ப அவ உடம்புல இல்ல. டாக்டர்கிட்ட நானே கேட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்துச் சித்தியே வந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இப்போது ஸ்கூட்டர் சிக்னலில் நின்றது. அவன் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தட்டினான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். சட்டைத் துணி, அதற்குக் கீழே எலும்பு, கொஞ்சம் சூடு. வேறொன்றும் இல்லை. இருந்தும் கையை எடுக்கவில்லை.

சற்று முன்பு அறைக்குள் டாக்டரம்மா அவளை ஆச்சரியமாகத்தான் பார்த்திருந்தார்.

“மூணு மாசம் முன்னாடி, உங்களுக்கு லீவு கிடைக்கலைன்னு உங்க வீட்டுக்காரர் மட்டும் வந்தாரே, அப்பவே சொல்லிட்டேனேம்மா. அளவெல்லாம் சரியாயிடுச்சு, இனி கோபமோ அழுகையோ வரலைன்னா அதுக்குக் காரணம் ஹார்மோன் இல்லைன்னு. அவர் சொல்லலையா?”

“சொன்னாரு டாக்டர்” என்றாள் அவள். “நான்தான் மறந்துட்டேன்.”